வாஷிங் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பதினேழு வருடமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். புதுசு வாங்கப் போகிறவர்கள் கடை வாசலில் நின்றுகொண்டு போன் போடுவார்கள். "அண்ணே, எதை எடுக்கட்டும்?" "உங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. போனில் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த கம்பெனி மெஷின் நல்லது?

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி இது. நான் கடைசியாகப் பார்க்கிற விஷயம் இது. உங்கள் ஊரில் எந்த கம்பெனியின் சர்வீஸ் ஆள் கூப்பிட்ட இரண்டு நாளுக்குள் வருகிறாரோ, எந்த கம்பெனியின் உதிரி பாகம் கையோடு கிடைக்கிறதோ, அதுதான் உங்களுக்கு நல்ல கம்பெனி. கடைக்காரரிடம் கேட்காதீர்கள், அக்கம்பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: தண்ணீர் எப்படிப்பட்டது, டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, துணி துவைக்கிறவர் யார்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்புத் தண்ணீரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் பாதி அளவு குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரையே இல்லாமல் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் கடின நீர், நம் பேச்சில் உப்புத் தண்ணீர். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து அப்படித் திரிகின்றன. இதற்குத் துணி சோப்புத் தூள் வேண்டாம். அது கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும், ஏமாற்றிவிடும்.

பலர் டி.டி.எஸ். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு "900 காட்டுது" என்கிறார்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் எண். மெஷினைக் கெடுப்பது அதில் ஒரு பங்கான கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் இந்த எண்ணைத் தனியாகவே எழுதித் தருவார்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் அப்படியில்லை.

கடின நீர் மெஷினை அப்படி என்னதான் செய்யும்?

சேலையூரில் ஒரு வீட்டு ஃபிரண்ட் லோடு மெஷின், முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடுவது. வாங்கி மூன்று வருடம். துணி வெளுக்கவில்லை, கரண்ட் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். ஹீட்டரைக் கழற்ற இழுத்தால் வரவில்லை. சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகக் கட்டி ஏறி, விரல் தடிமன் இருந்த கம்பி வாழைப்பூத் தண்டு அளவுக்கு உப்பியிருந்தது. தட்டித் தட்டி எடுத்து, உதிர்ந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா, "இவ்வளவும் எங்க வீட்டுத் தண்ணியிலயா இருந்துச்சு? இதையா குடிச்சிட்டு இருந்தோம்?" என்றார்.

தண்ணீர் சூடாக ஆக அதிலிருக்கிற உப்பு பிரிந்து, எது அதிகம் சுடுகிறதோ அதன்மேல் போய்ப் படியும். அதாவது ஹீட்டர்மேல். அப்புறம் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே நின்று கம்பி வெடிக்கும். துணிக்கும் நஷ்டம்தான். தூள் பாதி உப்போடு மல்லுக்கட்டவே போய்விடும், துண்டு அட்டை மாதிரி விறைக்கும்.

அப்படியானால் போர் தண்ணீர் வீட்டில் ஃபிரண்ட் லோடு வாங்கவே கூடாதா?

வாங்கலாம். பராமரிக்க முடியும் என்றால் மட்டும். வெந்நீர் புரோகிராமை வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாளெல்லாம் குளிர்ந்த நீர் போதும். சித்திரை வைகாசியில் நம் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் தானாகவே வெந்நீர்தானே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) டிரம்மில் போட்டு, துணி எதுவும் இல்லாமல் 60 டிகிரியில் ஓட்டுங்கள். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கம்பெனி விற்கிற உப்பு நீக்கிப் பவுடர்களில் பலவற்றில் இருக்கிற முக்கியச் சரக்கும் அதுதான். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷினுக்குத் தண்ணீர் வருகிற இன்லெட் குழாயில் மாட்டுகிற சிறிய ஃபில்டர், உள்ளே இருக்கிற பாஸ்பேட் உருண்டை கரைகிற வரைதான் வேலை செய்யும். ஒருமுறை மாட்டிவிட்டு நான்கு வருடம் திரும்பிப் பார்க்காத வீடுகள் உண்டு. அது வெறும் பிளாஸ்டிக் டப்பாவாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரை வீடு முழுவதுக்கும் போட்டிருந்தால் அதற்கு உப்பு போட மறக்காதீர்கள்.

இதெல்லாம் நமக்கு ஆகாது என்றால் மேல் மூடியைத் திறந்து துணி போடுகிற, ஹீட்டர் இல்லாத டாப் லோடு எடுத்துவிடுங்கள். கெட்டுப்போக ஒரு சாமான் குறைவு.

செமி ஆட்டோமேட்டிக் எல்லாம் பழைய காலத்து மெஷின் இல்லையா?

யார் சொன்னது? துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருப்பதுதான் செமி. மெஷினை வைத்தே சம்பாதிக்கிற எனக்கே வீட்டில் செமிதான். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊர் இது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோமே, அந்த நேரத்தில் செமி வைத்திருந்த வீடுகள்தான் சமாளித்தன. வாளியில் ஊற்றித் துவைக்கலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்து கலர் துணி, அதிலேயே கடைசியாகக் கால்மிதி என்று மூன்று ஈடு எடுக்கலாம். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் அதைச் செய்யவிடாது, ஒவ்வொரு தடவையும் சாக்கடைக்கு விட்டுவிடும். கரண்ட் போய் வந்தாலும் புரோகிராம் குழம்பாது, திருகினால் திரும்ப ஓடும்.

குறை என்னவென்றால் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஈரத் துணியைக் குனிந்து எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். முதுகுவலிக்காரர், தோள்பட்டை வலிக்காரர் இருக்கிற வீட்டில் செமி வாங்கிக் கொடுத்துவிட்டு "மெஷின் வாங்கித் தந்தேனே" என்று மகன் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

டாப் லோடா, ஃபிரண்ட் லோடா?

தண்ணீர்க் கணக்கில் ஃபிரண்ட் லோடுதான் கெட்டிக்காரன். 7 கிலோ டாப் லோடு முழு லோடுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஃபிரண்ட் லோடு ஏறக்குறைய அதில் பாதியிலேயே முடித்துவிடும். டிரம் படுத்த நிலையில் சுற்றுவதால் துணி மேலேறிக் கீழே விழுந்து விழுந்து துவைபடும், முறுக்கிக்கொள்வது குறைவு. டாப் லோடில் அடியில் சுற்றுகிற தட்டு, தண்ணீரோடு துணியையும் சுழற்றும். சட்டைக் கையும் பேன்ட் காலும் பின்னிக்கொண்டு ஜடை போட்டுத்தான் வெளியே வரும்.

ஆனால் ஃபிரண்ட் லோடுக்குக் குனிய வேண்டும், நேரம் அதிகம். எடை 60 கிலோவைத் தாண்டும், ஏனென்றால் ஆட்டத்தை அடக்க உள்ளே கான்கிரீட் கல்லையே கட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால் தூக்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேல் மாடி வீடு. டேங்க் தலைக்கு மேலேயே இருக்கிறது. தண்ணீர் பிரஷருக்குக் கவலை இல்லைதானே?

கவலையே அங்கேதான். டேங்க் பக்கத்தில் இருக்கிறதே என்று நினைப்பார்கள். பிரஷருக்கு வேண்டியது உயரம். ஃபிரண்ட் லோடு கையேடுகளில் குறைந்தபட்சம் 0.3 பார் என்றோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ போட்டிருக்கும். பார் என்பது பிரஷரை அளக்கிற அளவு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். அப்படியென்றால் 0.3 பாருக்கு 3 மீட்டர், நம் கணக்கில் 10 அடி. உங்கள் வீட்டுத் தளத்திலிருந்து மேல் தளம் 10 அடி. மெஷினின் இன்லெட் தரையிலிருந்து 3 அடி உயரத்தில். டேங்க்கை மொட்டை மாடித் தரையிலேயே வைத்திருந்தால், அது காலியாகிற நேரத்தில் கிடைப்பது 7 அடிதான். மெஷின் தண்ணீருக்குக் காத்துக் காத்து, கடைசியில் எர்ரர் போட்டு நின்றுவிடும். கீழ் வீட்டில் அதே மெஷின் ஜோராக ஓடும்.

இப்படி ஒரு வீட்டில் புது மெஷினையே மாற்றிக் கேட்டுக் கடையில் சண்டை நடந்தது. டேங்க்கை நான்கு அடித் தூண் கட்டி ஏற்றினார்கள், சண்டை தீர்ந்தது. முடியாதவர்கள் சிறிய பிரஷர் பம்ப் போடலாம். அல்லது குறைந்த பிரஷரிலும் ஓடும் டாப் லோடு மாடலைக் கேட்டு வாங்கலாம். வாங்கும் முன் வாளிச் சோதனை ஒன்று: மெஷின் வரப்போகிற குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது? இரண்டு நிமிடத்துக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எத்தனை கிலோ?

6.5 முதல் 7 கிலோ. அந்தக் கிலோ காய்ந்த துணியின் எடை, அதுவும் பருத்தித் துணிக்கு. ஜீன்ஸ் ஒன்று அரைக் கிலோவைத் தாண்டும், சட்டை கால் கிலோ வரை, பருத்திச் சேலை அரைக் கிலோவை ஒட்டி, இரட்டைக் கட்டில் போர்வை ஒரு கிலோ வரை போகும். சந்தேகமாக இருந்தால் அழுக்குக் கூடையோடு எடை மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு கூடை இல்லாமல் நில்லுங்கள். கழித்தால் வந்துவிட்டது.

தினமும் துவைக்கிற வீடா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துவைக்கிற வீடா என்பதும் கணக்கு. வேலைக்குப் போகிற இருவர் மட்டும் இருந்தாலும் வாரம் ஒருமுறை துவைத்தால் 8 கிலோ தேவைப்படலாம். கம்பளி ரஜாய் துவைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் 9 கிலோ வாங்காதீர்கள். அதை வருடத்துக்கு இரண்டு முறை லாண்டரியில் போட்டுக்கொள்ளலாம்.

கரண்ட் பில் எகிறுமா?

குளிர்ந்த நீரில் துவைத்தால் எகிறாது. சூடுதான் கரண்டைத் தின்னும். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 450 கிலோ கலோரி வேண்டும், ஒரு யூனிட் கரண்ட் தருவது 860 கிலோ கலோரி. ஆக, சூடாக்க மட்டும் அரை யூனிட்டுக்கு மேல். தினமும் வெந்நீர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்டுக்கு மேல் இதற்கே போகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால், விளிம்பில் நிற்கிற சின்னக் குடும்பங்களுக்கு இது உறைக்கும்.

ஸ்டார் ஸ்டிக்கரில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் கீழே இருக்கிற எண்களையும் படியுங்கள். ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். தண்ணீர் விலைக்கு வாங்குகிற வீட்டுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

இன்வெர்ட்டர் மெஷின் என்றால் கரண்ட் போனாலும் ஓடுமா?

ஓடாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற எலக்ட்ரானிக் முறைக்குப் பெயர் இன்வெர்ட்டர். வீட்டில் பேட்டரியோடு இருக்கிற இன்வெர்ட்டர் வேறு. சத்தம் குறைவு, தேய்கிற பிரஷ் இல்லை. நல்ல விஷயம்தான். அதன் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவும் நல்ல செலவாக இருக்கும்.

டிரையர் உள்ளதா என்று கேட்டால் கடையில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார்களே?

நம் ஊரில் துணியைச் சுழற்றிப் பிழிகிற தொட்டிக்கே டிரையர் என்று பெயர் வந்துவிட்டது. அது ஸ்பின்னர். துணி ஈரமாகத்தான் வரும், கொடியில் போட வேண்டும். சூடான காற்றில் காயவைத்து மடிக்கிற பதத்தில் தருவதுதான் உண்மையான டிரையர். அது உள்ள மெஷினில் துவைக்கிற அளவு 8 கிலோ என்றால் காயவைக்கிற அளவு அதைவிடக் குறைவாக இருக்கும், பாதித் துணியை வெளியே எடுக்க வேண்டிவரும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கும், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் உதவும். மற்ற பத்து மாதம் நம் வெயில் இலவசம்.

ஆர்.பி.எம். அதிகமாக இருந்தால் நல்லதா?

பிழியும் வேகம் அது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 1200 இருந்தால் துணி சீக்கிரம் காயும், சுருக்கமும் விழும். மொட்டை மாடிக் கொடி இருக்கிற வீட்டுக்கு 700, 800 தாராளம். பால்கனியில் நிழலில் காயப்போடுகிற அடுக்குமாடிவாசிக்கு 1000க்கு மேல் பார்க்கலாம்.

பட்டுச் சேலை, சுங்குடி, வேட்டி எல்லாம் போடலாமா? கஞ்சி?

பட்டு வேண்டவே வேண்டாம், எந்த புரோகிராமில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. சுங்குடி, கண்டாங்கி மாதிரிச் சேலைகளை முதல் சில தடவை தனியாகக் கையில் அலசிச் சாயம் நின்றதும் போடுங்கள். பருத்திச் சேலையை நான்காக மடித்து வலைப்பைக்குள் வைத்துப் போட்டால் முறுக்காது.

கஞ்சியை டிரம்முக்குள் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள் டிரம்முக்கும் வெளி டிரம்முக்கும் நடுவில் போய் ஒட்டி, புளித்து, நாறி, என்னைக் கூப்பிடுவார்கள். வாளியில் கஞ்சி முக்கிக் கையால் பிழிந்து உதறிக் கொடியில் போடுங்கள். நீலமும் வாளியில்தான்.

வேட்டி மஞ்சளாகிறது என்றால் போர் தண்ணீரில் இரும்பு இருக்கலாம். அதற்கு பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பாருங்கள்.

எந்தத் தூள்?

ஃபிரண்ட் லோடுக்கு அதற்கென்று எழுதியிருக்கிற நுரை குறைந்த தூள் அல்லது லிக்விட். கையால் துவைக்கிற தூளைப் போட்டால் நுரை பொங்கி, மெஷின் அலசி அலசிச் சலித்து நின்றுவிடும். செமிக்கு எதுவும் ஆகும்.

டெலிவரி வந்த அன்று என்ன பார்க்க வேண்டும்?

ஃபிரண்ட் லோடானால் முதுகுப்பக்கம் இருக்கிற டிரான்சிட் போல்ட்களைக் கழற்றினார்களா என்று பாருங்கள். பயணத்தில் டிரம் ஆடாமலிருக்கப் போட்டவை அவை. கழற்றாமல் ஓட்டிய ஒரு வீட்டில் மெஷின் குளியலறையிலிருந்து நடந்து ஹால் வாசலுக்கே வந்துவிட்டது. கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது திரும்ப வேண்டும்.

தண்ணீர் வெளியேறும் குழாயையும் பாருங்கள். ஃபிரண்ட் லோடில் அது இரண்டடிக்கு மேல் ஏறி வளைந்து இறங்க வேண்டும். தரையிலேயே போட்டுவிட்டால், ஒரு பக்கம் நிரம்ப நிரம்ப மறுபக்கம் தானாக வடிந்துகொண்டே இருக்கும். ஹீட்டர் மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், சரியான எர்த். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிற சாமான் இது, எர்த்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெஷினைத் திறந்தால் ஒரு நாற்றம் வருகிறதே?

மூடியே வைக்கிறீர்கள். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து போடுங்கள், ஃபிரண்ட் லோடின் ரப்பர் வளைய மடிப்பைத் துணியால் துடையுங்கள். அடியில் இருக்கிற பம்ப் ஃபில்டரையும் மாதம் ஒருமுறை திறக்கலாம். ஊக்கு, ஹேர்பின், சில்லறை எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு வீட்டில் தொலைந்துபோன தோட்டுத் திருகாணி அதில் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு காபியோடு கேசரியும் வந்தது.

பத்து வருட வாரண்டி என்கிறார்களே?

மோட்டாருக்கு மட்டும் பத்து. மோட்டார் அபூர்வமாகத்தான் போகும், அதனால்தான் தைரியமாகக் கொடுக்கிறார்கள். போவது போர்டு, டிரெயின் பம்ப், இன்லெட் வால்வு, பேரிங். அவற்றுக்கு எத்தனை வருடம் என்று பில் போடும் முன் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை பில்லில் எழுதச் சொல்லுங்கள், பாதி வாக்குறுதி அங்கேயே கரைந்துவிடும்.

எலித் தொல்லை உண்டு. ஏதாவது செய்ய முடியுமா?

அடிப்பக்கம் திறந்திருக்கிற மாடலை வாங்காதீர்கள். கடையில் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். அடியில் தட்டோ வலையோ இருக்க வேண்டும். எலி கடித்த வயர் பெரும்பாலும் வாரண்டியில் சேராது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கையேட்டில் காற்றோட்டத்துக்கு விடச் சொன்ன இடத்தை மறைக்காமல், பொடிக் கண் கம்பி வலை வெட்டி அடியில் கட்டிவிடலாம். அரை மணி நேர வேலை.